விசாகப்பட்டினத்தில் வீடு யாருக்காகப் பார்ப்பது?

நீங்கள் கேட்டிருப்பதை ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்க்கிறேன். நாமக்கல்லில் ஒரு லாரி போக்குவரத்து அலுவலகத்தில் 6 ஆண்டுகளாகக் கணக்கு எழுதுகிறீர்கள். கணவருக்கு விசாகப்பட்டினத்தை அடுத்த பரவாடாவில் ஒரு மருந்து ஆலையில் நல்ல வேலை கிடைத்திருக்கிறது. மகளுக்கு 4 வயது. தெலுங்கு தெரியாது, கடலோரத்தில் இருந்தும் பழக்கமில்லை. எந்த ஏரியாவில் வீடு பார்க்கலாம், உப்புக்காற்று எப்படி, புயல் வருமாமே, பட்டுச்சேலைகளையும் கிரைண்டரையும் எடுத்து வரலாமா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, கடைசியில் ஒரு வரி போட்டிருக்கிறீர்கள்: "அங்கே போய் நான் என்ன செய்வேன் என்றுதான் தெரியவில்லை." நீங்கள் கேட்க வந்தது அதைத்தான் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன். மற்றவற்றுக்கும் வருகிறேன்.

நான் திண்டுக்கல்காரி. கணவருக்குத் துறைமுகம் சார்ந்த வேலை கிடைத்து 2010 ஜூனில் வைசாக், அதாவது விசாகப்பட்டினம், வந்தோம். முதல் 2 ஆண்டு வீட்டில் இருந்தேன். பிறகு ஒரு தொழிற்சாலையின் எச்.ஆர். பிரிவில் சேர்ந்தேன். வெளியூரிலிருந்து வேலைக்கு வருகிறவர்களின் குடும்பத்துக்கு வீடு, பள்ளி, காஸ் இணைப்பு பார்த்துக் கொடுப்பது 10 ஆண்டுக்கு மேலாக என் பொறுப்பு. அதனால் நான் சொல்வதில் இரண்டு வகை இருக்கும். உப்புக்காற்று இரும்பை என்ன செய்யும், வண்டிப் பதிவுக்கு என்ன சட்டம் என்பதெல்லாம் யாரைக் கேட்டாலும் ஒன்றுதான். மனிதர்கள் ஒரு புது ஊரில் எப்படி ஒட்டிக்கொள்கிறார்கள் என்பது நான் பார்த்த குடும்பங்களை வைத்துச் சொல்வது. அது உங்களுக்குப் பொருந்தாமலும் போகலாம். வாடகை எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள். இன்று ஒரு தொகை சொன்னால் நீங்கள் வந்து இறங்குவதற்குள் அது பழசாகியிருக்கும்.

வேலைக்கு வருகிறவருக்கு முதல் நாளே ஒரு நாற்காலி கிடைத்துவிடுகிறது. டீ குடிக்க நாலு பேர், சாப்பாட்டு நேரம், சம்பளத் தேதி, திட்டுவதற்கு ஒரு மேலாளர் எல்லாம் தயாராக இருக்கும். கூட வருகிறவருக்குக் கிடைப்பது வீடு மட்டும்தான். அப்படியிருக்க, வீடு பார்க்கும்போது எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி "ஆபீசுக்கு எவ்வளவு தூரம்?" என்பதுதான். இத்தனை ஆண்டில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டென்றால் இதுதான்: பகல் முழுக்க அந்தத் தெருவில் இருக்கப்போகிறவர் யாரோ, அவருக்காக வீடு பாருங்கள். தெற்கேயிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு நானே ஆலைக்குப் பக்கத்தில் வீடு பிடித்துக் கொடுத்திருக்கிறேன். புத்தம்புது அடுக்ககம், பெரிய சமையலறை, ஆலைக்கு 10 நிமிடம். ஆனால் பாதி வீடுகளில் இன்னும் ஆள் வரவில்லை. பால் பாக்கெட் வாங்க 2 கிலோமீட்டர் போக வேண்டும். கணவருக்கு ஷிஃப்ட் வேலை, பகலில் தூங்குவார். அந்தப் பெண் எட்டாவது மாதம் பிரசவத்துக்குத் தாய்வீடு போனவர், திரும்பி வரவில்லை. கொஞ்ச நாளில் கணவரும் வேலையை விட்டுவிட்டுப் போனார். "வீடு நல்ல வீடுதான் மேடம், ஒரு மனுஷ முகத்தைப் பார்க்க முடியலை" என்று அந்தப் பெண் போனில் சொன்னார். அன்றிலிருந்துதான் வீடு தேடும் முறையை மாற்றிக்கொண்டேன்.

ஊரின் அமைப்பைச் சொன்னால் உங்களுக்கே புரியும். வைசாக் கடலோரமாக நீண்டு கிடக்கும் ஊர். ஒரு பக்கம் வங்கக்கடல், மறுபக்கம் கிழக்குத் தொடர்ச்சி மலையின் குன்றுகள், இடுக்கில் வீடுகள். தென்மேற்குக் கோடியில் உங்கள் பரவாடாவும் அச்சுதாபுரமும். அதற்கு இப்பால் உருக்காலையும் குர்மன்னபாலெமும். அடுத்து காஜுவாக்கா, பிறகு விமான நிலையம், என்.ஏ.டி. சந்திப்பு. அதைத் தாண்டினால்தான் துவாரகா நகர், சீதம்மதாரா, எம்.வி.பி. காலனி என்று பழக்கமான நகரம் வரும். வடக்கே மதுரவாடாவும் ருஷிகொண்டாவும் ஐ.டி. ஆட்கள் பக்கம். பரவாடாவிலிருந்து நகரத்தின் நடுவுக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும், காலை மாலை ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. மதுரவாடாவில் வீடு அழகாக இருக்கும், தரகர் அங்கேதான் முதலில் கூட்டிப்போவார். போகாதீர்கள். உங்கள் கணவர் தினமும் ஊர் முழுவதையும் குறுக்கே கடந்து போய்வர வேண்டியிருக்கும்.

என் யோசனை இது. அவருக்கு மாறி மாறி ஷிஃப்ட் என்றால் காஜுவாக்கா. தொழிலாளர்கள் வாழ்கிற ஊர், கொஞ்சம் நெரிசல், கொஞ்சம் தூசி. ஆனால் கடைத்தெரு, டாக்டர், ஷேர் ஆட்டோ எல்லாம் வாசலில். இந்தியா முழுவதிலிருந்தும் வந்தவர்கள் இருப்பதால் மொழி தெரியாதவரை யாரும் விநோதமாகப் பார்க்கமாட்டார்கள். பொதுவான பகல் வேலை, கம்பெனி பஸ் நகரத்துக்குள் வருகிறது என்றால் சீதம்மதாரா அல்லது எம்.வி.பி. காலனி. இரண்டிலும் ரைத்து பஜார் இருக்கிறது. நம் உழவர் சந்தைதான், 1999-இல் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இரண்டு மாநிலங்களிலும் தொடங்கியது. நடந்து போய்க் காய் வாங்கிவரும் தூரத்தில் ஒரு சந்தை இருப்பது வெறும் வசதி மட்டுமில்லை, தினமும் நாலு பேரிடம் வாய் திறக்க ஒரு காரணமும் ஆகும். இதில் ஒரு நஷ்டமும் உண்டு, மறைக்கமாட்டேன். அவர் தினமும் 2 மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில் இருப்பார், வீட்டுக்கு வரும்போது குழந்தை தூங்கியிருக்கலாம். அதனால் இதை இருவரும் உட்கார்ந்து பேசித்தான் முடிவெடுக்க வேண்டும். எந்த வீடானாலும், துறைமுகத்தை ஒட்டிய பழைய ஊர்ப் பக்கம் என்றால் பால்கனித் தரையைக் கைவிரலால் தடவிப் பாருங்கள். நிலக்கரித் தூசி கறுப்பாக ஒட்டும். ஆலைகளுக்கு மிக அருகிலும் வேண்டாம். 2020 மே 7 அதிகாலையில் ஆர்.ஆர். வெங்கடாபுரத்தில் ஸ்டைரீன் வாயு கசிந்தபோது, ஆலையை ஒட்டிய வீடுகளில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள்.

சரி, "நான் என்ன செய்வேன்?" நீங்கள் லாரி அலுவலகத்தில் கணக்கு எழுதியவர் என்று படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த ஊரே லாரியும் சரக்கும்தான். 1933-இல் திறந்த துறைமுகம் ஒன்று, 2009-இலிருந்து கங்காவரத்தில் ஆழ்கடல் துறைமுகம் ஒன்று, உருக்காலை, எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை, மருந்து ஆலைகள் என்று எல்லாவற்றுக்கும் சரக்கு ஏற்ற வேண்டும், இறக்க வேண்டும், பில் போட வேண்டும். சுங்கத் தரகர்கள், கன்டெய்னர் அலுவலகங்கள், லாரி புக்கிங் ஆபீஸ்கள் தெருத்தெருவாக இருக்கின்றன. சரக்கு வண்டிக்குப் போடும் ஈ-வே பில்லோடு தினமும் முட்டி மோதிப் பழகியவர்களில் நீங்களும் ஒருவராக இருப்பீர்கள். ஜி.எஸ்.டி. நாமக்கல்லுக்கு ஒன்று, வைசாக்குக்கு ஒன்று என்று கிடையாது. டாலி கணக்கு மென்பொருளின் திரையிலும் தெலுங்கு தேவையில்லை. டி.என். 28 பலகை போட்ட வண்டிகளைத் துறைமுகச் சாலையில் நானே பார்க்கிறேன். அந்த வண்டிக்காரர்களோடு போனில் தமிழில் பேசத் தெரிந்த ஒரு கணக்காளர் என்பது இங்கே குறை அல்ல, கூடுதல் தகுதி.

வேலை உடனே கிடைக்கும் என்று உத்தரவாதம் தரமாட்டேன். நான் பார்த்தவரை இப்படி வந்த பெண்களுக்கு வேலை கிடைத்தது இணையத்தில் விண்ணப்பம் போட்டு அல்ல, பள்ளி வாசலில் நின்றபோதும் கீழ்வீட்டுக்காரர் சொல்லியும்தான். அதற்கு முதலில் நாலு பேருக்கு உங்களைத் தெரிந்திருக்க வேண்டும், திரும்பவும் அந்தத் தெருக் கணக்குக்கே வந்துவிடுகிறது. ஆனால் நாமக்கல்லை விட்டுக் கிளம்புமுன் செய்ய வேண்டியவை நிச்சயமானவை. முதலாளியிடம் முதலில் கேளுங்கள்: மாதக் கடைசிக் கணக்கையும் ஜி.எஸ்.டி. தாக்கலையும் அங்கிருந்தே செய்து தரட்டுமா என்று. 6 ஆண்டு நம்பிக்கை சாதாரண விஷயமில்லை, பாதிச் சம்பளத்துக்கு ஒத்துக்கொண்டாலும் உங்கள் பெயரில் வரவு நிற்காது. ஒத்துக்கொள்ளாவிட்டால் முறையாக ராஜினாமா கொடுத்து, விடுவிப்புக் கடிதமும் அனுபவச் சான்றும் வாங்கிக்கொள்ளுங்கள். பி.எஃப். பணத்தை வீட்டு அட்வான்ஸுக்கு என்று எடுத்துவிடாதீர்கள். யு.ஏ.என். என்கிற உங்கள் பி.எஃப். எண் ஒன்றுதான், அடுத்த வேலையில் அப்படியே தொடரலாம். ஓய்வூதியத் தகுதிக்கு 10 ஆண்டுப் பணி சேர வேண்டும். அதில் 6 ஆண்டு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஓய்வூதியப் பங்கை எடுத்துவிட்டால் அந்த 6-ம் போய், திரும்ப ஒன்றிலிருந்து எண்ண வேண்டும்.

மொழிக்கு வருகிறேன். தெலுங்கு நமக்குக் கஷ்டமான மொழி அல்ல. கஷ்டம் என்னவென்றால், தெரிந்த சொல் மாதிரி இருந்து வேறு பொருள் சொல்லும். வந்த முதல் வாரம் சந்தையில் கத்தரிக்காய்க் கடை முன் நின்றேன். கடைக்கார அம்மா "எந்த காவாலி?" என்றார். எந்தக் கத்தரிக்காய் வேண்டும் என்று கேட்கிறார் போல என்று நினைத்து, ஊதாக் குவியலைக் காட்டி "இந்த" என்றேன். அவர் என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இரண்டு கையாலும் குவியல் மொத்தத்தையும் வாரித் தராசுத் தட்டில் போட ஆரம்பித்தார். தெலுங்கில் 'எந்த' என்றால் எவ்வளவு, 'இந்த' என்றால் இவ்வளவு. நான் பதறிப்போய்க் கையை ஆட்ட, அவர் நிறுத்தாமல் அடுக்க, பக்கத்தில் கொத்தமல்லி விற்றவர் சிரித்துக்கொண்டே "சாலு, சாலு" என்று அவரை நிறுத்தினார். போதும் என்று அர்த்தம். அன்று 2 கிலோ கத்தரிக்காயோடு வீடு வந்தேன். அதன்பின் அந்த அம்மா என்னைப் பார்த்தாலே "இந்தம்மா" என்றுதான் கூப்பிடுவார்.

எந்த, இந்த, காவாலி, வத்து, சாலு, எக்கட: எவ்வளவு, இவ்வளவு, வேண்டும், வேண்டாம், போதும், எங்கே என்கிற இந்த ஆறு சொல்லும், எண்கள் பத்தும் இருந்தால் முதல் மாதம் ஓடிவிடும். ரெண்டு இங்கேயும் ரெண்டுதான். பெரியவரோ சின்னவரோ, பேச்சின் முடிவில் 'அண்டி' சேர்த்துக்கொண்டால் பாதி இலக்கணப் பிழையை மன்னித்துவிடுவார்கள். இந்த வட ஆந்திரப் பக்கம் 'என்ன?' என்பதற்கு 'ஏட்டி?' என்பார்கள். திருநெல்வேலிக்காரர் யாராவது கூட வந்தால் முதலிலேயே சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் மரியாதையில்லாமல் கூப்பிடுகிறார்கள் என்று சண்டைக்குப் போய்விடுவார். எழுத்தையும் கற்கச் சொல்லுவேன், ஆனால் அவசரமில்லை. பேச்சை டி.வி. பார்த்துக் கற்கலாம் என்று பலர் சொல்கிறார்கள், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. டி.வி. உங்களைத் திருப்பிக் கேள்வி கேட்காது.

மகளைப் பற்றிக் கவலையே வேண்டாம். 4 வயதுக் குழந்தை படிக்கட்டில் இன்னொரு குழந்தையோடு விளையாடியே கற்றுக்கொண்டுவிடும், சில மாதத்தில் உங்களுக்கு மொழிபெயர்க்கும். நடுவில் சில வாரம் பள்ளியில் வாயே திறக்காமல் இருக்கலாம். நான் பார்த்த பல குழந்தைகள் அப்படித்தான் இருந்தார்கள், ஆசிரியை பயமுறுத்தினாலும் பதற வேண்டாம். ஆனால் வீட்டில் தமிழிலும் பேசாமல் போனால் குழந்தை மருத்துவரைப் பாருங்கள், அது மொழிப் பிரச்சினை இல்லை. சி.பி.எஸ்.இ. பள்ளிகள் ஏப்ரலில் தொடங்கும், மாநிலப் பாடத்திட்டப் பள்ளிகள் ஜூனில். வேலை மாறுகிற குடும்பம் என்பதால் சி.பி.எஸ்.இ. எடுத்தால் அடுத்த மாற்றத்திலும் சிரமம் குறையும்.

உப்புக்காற்றில் சந்தேகத்துக்கு இடமில்லை. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளியில் உப்பு இருக்கிறது, காற்று அதை உள்ளே கொண்டுவருகிறது. முதல் சில நூறு மீட்டரில்தான் அதன் உக்கிரம், உள்ளே போகப் போக வேகமாகக் குறையும். ஆகவே கடலைப் பார்த்த வீடு என்று தரகர் கூடுதல் வாடகை கேட்டால், துருவுக்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறீர்கள் என்று எண்ணிக்கொள்ளுங்கள். எங்கள் முதல் வீட்டிலிருந்து கடல் தெரியும். வந்த இரண்டாவது ஆண்டில் பால்கனிக் கதவின் கீல் கையோடு வந்துவிட்டது, வாஷிங் மெஷின் அடித்தகடு பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. வீடு பார்க்கப் போகும்போது சுவரின் வண்ணத்தைப் பார்க்காதீர்கள், அது வாடகைக்கு விடுமுன் அடித்தது. ஜன்னல் கம்பியின் அடிமூலை, கழிவறைக் கதவின் தாழ்ப்பாள், மொட்டைமாடியில் ஏ.சி.யின் வெளிப்பெட்டி, இந்த மூன்றையும் பாருங்கள். அலுமினியம் அல்லது யு.பி.வி.சி. ஜன்னல் இருந்தால் நல்லது. வெயில் அளவில் நாமக்கல்லைவிட இங்கே குறைவுதான், ஆனால் வியர்வை காயாது. காலை 10 மணிக்கு மேல் புழுங்கும், மதியவாக்கில் கடற்காற்று ஏறினால் உயிர் வரும். அதனால் கிழக்கே ஒரு ஜன்னலும் அதற்கு எதிரே இன்னொன்றும் உள்ள வீட்டைத் தேடுங்கள். வாஸ்துக்காரர் என்ன சொன்னாலும் சரி.

புயல் வரும். இதையும் மழுப்பமாட்டேன். பெரும்பாலும் அக்டோபர், நவம்பரில், சில ஆண்டு மே மாதத்திலும். ஆனால் ஒவ்வொரு ஆண்டும் இந்த ஊருக்கே வராது, வருவது முன்கூட்டியே தெரியும். வானிலைத் துறையின் புயல் எச்சரிக்கை மையம் ஒன்று இந்த ஊரிலேயே இருக்கிறது. கரையோரத்தில் மோசமான வானிலை தொடங்குவதற்கு 48 மணி நேரம் முன்பே ஒரு எச்சரிக்கை வரும், 24 மணி நேரம் முன்பு அடுத்தது. ஹுட்ஹுட் புயல் வந்தபோது இங்கே இருந்தேன். 2014 அக்டோபர் 12, ஞாயிற்றுக்கிழமை. காலையிலிருந்து காற்று ஒரே திசையிலிருந்து அறைந்தது. எம்.வி.பி. காலனியில் மூன்றாவது மாடி. மேசையைக் கவிழ்த்து ஜன்னலோடு சேர்த்து நானும் கணவரும் முதுகால் முட்டுக் கொடுத்து நின்றோம். மதியவாக்கில் திடீரென்று ஒரு அமைதி. கிளை கூட அசையவில்லை. முடிந்தது என்று நினைத்து ஆட்கள் தெருவுக்கு வந்து விழுந்த மரங்களைப் பார்க்க ஆரம்பித்தார்கள். எதிர்வீட்டுப் பெரியவர், ஓய்வுபெற்ற கடற்படைக்காரர், பால்கனியிலிருந்து "உள்ளே போங்க, கண் கடக்குது, இப்போ எதிர்ப்பக்கமிருந்து வரும்" என்று தெலுங்கிலும் இந்தியிலும் கத்தினார். அப்படியே வந்தது. காலையில் தாங்கிய ஜன்னல்கள் நின்றன, மேற்குப் பக்கம் நாங்கள் கவனிக்காமல் விட்டவை போயின.

அதிலிருந்து நடைமுறையாக எடுத்துக்கொள்ள வேண்டியது: காற்று சட்டென்று நின்றால் வெளியே போகக்கூடாது. மின்சாரம் நாள்கணக்கில் இருக்காது, எங்களுக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று. மின்சாரம் இல்லையென்றால் மோட்டார் இல்லை, மோட்டார் இல்லையென்றால் மூன்றாம் மாடிக்குத் தண்ணீர் இல்லை. ஆகவே எச்சரிக்கை வந்த அன்றே வாளி, குடம், குக்கர் உட்பட எல்லாவற்றையும் நிரப்பிவிடுவது வழக்கம். ஏ.டி.எம். வேலை செய்யாது, போன் எடுக்காது, ஆகவே கையில் கொஞ்சம் ரொக்கம். நாமக்கல்லில் அம்மாவிடம் முன்பே சொல்லி வையுங்கள்: புயல் கடந்த 2, 3 நாள் போன் வராவிட்டால் அழக்கூடாது என்று. என் அம்மா அழுது ஊரைக் கூட்டிவிட்டார்.

கடலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. ஆர்.கே. பீச்சுக்கு வாரம் ஒருமுறை போவீர்கள். முரி மிக்சர் என்று பொரியில் வெங்காயம், நிலக்கடலை, எலுமிச்சை பிழிந்து காகிதப் பொட்டலத்தில் தருவார்கள். குர்சுரா நீர்மூழ்கிக் கப்பலைக் கரையேற்றி 2002-இல் அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கிறார்கள், மகளுக்குப் பிடிக்கும். ஆனால் கணுக்கால் நனைவதற்கு மேல் இறங்காதீர்கள். கரைக்கு வந்த அலைநீர் திரும்பிப் போவதற்கு ஒரு குறுகிய பாதையைப் பிடித்துக்கொள்ளும். மேலே பார்த்தால் அந்த இடத்தில்தான் அலை உடையாமல் அமைதியாக இருக்கும். நீச்சல் தெரியாதவர் குளிக்க அதையே நல்ல இடம் என்று தேர்ந்தெடுப்பார். கிணற்றிலும் வாய்க்காலிலும் நீந்திப் பழகிய நம் கொங்கு நாட்டு ஆண்களுக்கு இதைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். இழுத்துவிட்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தக்கூடாது, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி அந்த இழுப்பை விட்டு வெளியே வந்தபிறகுதான் திரும்ப வேண்டும். மீன் சாப்பிடுகிறவர்கள் என்றால் யோகம். வஞ்சிரம் இங்கேயும் வஞ்சரம்தான். வவ்வால் 'சந்துவா', கொடுவா 'பண்டுகப்பா', இறால் 'ரொய்யலு'. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை இங்கும் விசைப்படகுத் தடை, அப்போது விலை ஏறும்.

இனி மனசு. இது ஆராய்ச்சி இல்லை, என் நோட்டுப்புத்தகக் கணக்கு. முதல் மாதம் சுற்றுலா மாதிரிப் போகும். கைலாசகிரி, சிம்மாசலம், அரக்கு என்று படம் எடுத்து அனுப்புவீர்கள். மூன்றாவது மாதத்திலிருந்து ஐந்தாவது மாதத்துக்குள்தான் கணவர்கள் எங்கள் ஆபீசுக்கு வந்து தயங்கித் தயங்கி "வீட்ல கொஞ்சம் டல்லா இருக்காங்க" என்பார்கள். தினமும் மூன்று வேளை அம்மாவோடு வீடியோவில் பேசுகிறவர்கள் வேரூன்றத் தாமதமாகிறது என்பது என் எண்ணம். காரணம் அதுவா, தனிமையால் அப்படிப் பேசுகிறார்களா என்று பிரிக்கத் தெரியவில்லை. தூக்கமும் பசியும் இரண்டு வாரத்துக்கு மேல் கெட்டுப்போனால், ஊர் பிடிக்கவில்லை என்று தள்ளிவிடாமல் மருத்துவரைப் பாருங்கள். அது என் தகுதிக்கு மேற்பட்டது. முடிந்தால் கணவர் முதலில் தனியாக வந்து ஒன்றரை மாதம் அறை எடுத்துத் தங்கட்டும். அதற்குள் நீங்கள் ஒருமுறை வந்து, இரண்டு தெருவைத் தேர்ந்தெடுத்து, வார நாளில் காலை 11 மணிக்கு அங்கே நடந்து பாருங்கள். அந்த நேரத்தில் வாசலில் கீரை ஆயும் ஆட்கள் இருந்தால் அது உங்கள் தெரு. பொங்கலுக்கு ஊருக்குப் போக டிக்கெட்டை முன்பதிவு திறக்கிற அன்றே எடுத்துவிடுங்கள். இங்கே போகி, சங்கராந்தி, கனுமா என்று அதே நாட்களில் ஊரே காலியாகும். சேலம் வழியாகப் போகும் ஆலப்புழா–தன்பாத் எக்ஸ்பிரஸ் உங்களுக்கு வசதி. இந்தப் பாதையில் சில ரயில்கள் எஞ்சின் மாற்றுவதைத் தவிர்க்க விசாகப்பட்டினம் நிலையத்துக்குள் வராமல் துவ்வாடா நிலையத்தோடு போய்விடும். காஜுவாக்காவில் இருந்தால் துவ்வாடாதான் பக்கம்.

காகித வேலைகளைச் சுருக்கமாக. காஸ் இணைப்பை அங்கே ஒப்படைத்து முடிவுச் சீட்டு வாங்கி வந்தால் இங்கே புது இணைப்பு சுலபம். பைக்கோ காரோ வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் இருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும். அதற்கு நாமக்கல் ஆர்.டி.ஓ.வில் தடையின்மைச் சான்று வேண்டும், ஆகவே பழைய பைக் என்றால் விற்றுவிட்டு வருவதே மேல். ஆதாரில் முகவரி மாற்றத்தைத் தள்ளிப்போடாதீர்கள். 2025 ஆகஸ்ட் 15 முதல் ஆந்திர அரசின் சாதாரண, எக்ஸ்பிரஸ் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை, ஆனால் ஆந்திர முகவரி உள்ள அட்டையைக் காட்ட வேண்டும்.

பட்டுச்சேலை: நாலு போதும், மீதி அம்மா வீட்டுப் பீரோவில் இருக்கட்டும். ஈரக்காற்றில் ஜரிகை கறுக்கும், மடிப்பில் பூஞ்சை பிடிக்கும். கொண்டுவருவதைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்து, மழை முடிந்ததும் வெயில் படாத இடத்தில் ஒருநாள் ஆற விடுங்கள். கிரைண்டரைக் கட்டாயம் எடுத்து வாருங்கள். இங்கே இட்லிக்குப் புழுங்கல் அரிசி ஊற வைத்து அரைப்பவர்கள் குறைவு. உளுந்தை மட்டும் அரைத்து, கடையில் வாங்கின இட்லி ரவையைக் கலந்துவிடுவார்கள். இட்லி அரிசி கிடைக்காமல் இல்லை, தேட வேண்டும், வரும்போது 10 கிலோ கட்டிக்கொள்ளுங்கள். முதல் வாரமே கொஞ்சம் கூடுதலாக அரைத்து, ஒரு கிண்ணம் மாவைக் கீழ்வீட்டில் கொடுத்துப் பாருங்கள். எனக்கு அந்தக் கிண்ணம் கோங்குரா பச்சடியோடு திரும்பி வந்தது.